ஏழு என்று எங்கே எழுதியிருக்கிறது?

கேள்வி, பிப்ரவரி 19

நான் பிறவிக் கத்தோலிக்கன். மனைவி பெந்தகோஸ்து சபையிலிருந்து வந்தவர். மறைக்கல்வி வகுப்பில் ஏழு அருளடையாளங்கள் என்று மனப்பாடம் செய்தோமே, அந்த ஏழும் விவிலியத்தில் எந்த அதிகாரத்தில் இருக்கின்றன என்று கேட்கிறார். ஞானஸ்நானமும் திருவிருந்தும் தவிர மற்றவை மனிதர்கள் சேர்த்தவை என்பது அவர் கட்சி. எனக்குப் பதில் தெரியவில்லை. வாதாடி வெல்வதற்காகக் கேட்கவில்லை. எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. திருமுழுக்குக் கொடுப்பதா, அது வளரும் வரை காத்திருப்பதா என்று முடிவெடுக்க வேண்டும்.

பிப்ரவரி 19, இரவு

கடவுளின் அருளைத் தரும் சடங்குகளாக நாம் எண்ணும் ஏழு இவை: திருமுழுக்கு (ஞானஸ்நானம்), உறுதிப்பூசுதல், நற்கருணை (திருவிருந்து), ஒப்புரவு (பாவமன்னிப்பு), நோயில் பூசுதல், குருத்துவம், திருமணம். ஆனால் ஏழு என்ற எண் விவிலியத்தில் இல்லை. அந்த அளவில் உங்கள் மனைவி சொல்வது சரி. அதை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். அருளடையாளங்கள் இவை இவை என்று இயேசுவும் பட்டியல் தரவில்லை, பவுலும் தரவில்லை. 12ஆம் நூற்றாண்டில் பாரிசில் இறையியல் கற்பித்த பீட்டர் லொம்பார்டு தம் நூலில் ஏழாக வரிசைப்படுத்தினார். அந்த வரிசை நிலைத்துவிட்டது. திருச்சபையின் பொதுச்சங்கங்களான 1274இல் லியோன் சங்கமும் 1439இல் புளோரன்ஸ் சங்கமும் அதை ஏற்றன. 1547 மார்ச்சில் திரெந்து பொதுச்சங்கம், ஏழுக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஏழையும் ஏற்படுத்தியவர் கிறிஸ்துவே என்று அறுதியிட்டது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னால் வாழ்ந்த ஆயர் அகுஸ்தீன் அருளடையாளம் என்ற அதே சொல்லை இன்னும் பரந்த பொருளில், பல புனித அடையாளங்களுக்கும் சேர்த்துப் பயன்படுத்தினார்.

ஆனால் இதையும் அவரிடம் சொல்லுங்கள்: இரண்டு என்ற எண்ணும் விவிலியத்தில் இல்லை. 1520இல் சீர்திருத்தச் சபைகளின் முன்னோடி மார்ட்டின் லூத்தர் இந்தக் கணக்கைத் திருத்தப் புகுந்தபோது மூன்று என்றுதான் தொடங்கினார்: திருமுழுக்கு, ஒப்புரவு, அப்பம் (அதாவது நற்கருணை). அதே நூலின் முடிவில், கண்ணுக்குத் தெரியும் அடையாளப் பொருள் ஒப்புரவில் இல்லை என்று சொல்லி இரண்டுக்கு வந்து சேர்ந்தார். விவிலியத்தை அவரளவு ஆழமாகப் படித்தவர் ஒரே நூலுக்குள் மூன்றிலிருந்து இரண்டுக்கு நகர்ந்தார் என்றால், எண்ணிக்கை அந்தப் பக்கங்களில் அப்படியே அச்சிடப்பட்டிருக்கவில்லை என்றுதான் பொருள்.

பிப்ரவரி 20

காலையில் நினைவுக்கு வந்தது. யோவான் 13. இயேசு மேலுடையைக் கழற்றி, துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் காலடிகளைக் கழுவுகிறார். நீங்களும் ஒருவர் மற்றவரின் காலடிகளைக் கழுவக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்கிறார். நான் கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கு இல்லை என்று பேதுருவிடம் சொல்கிறார். இதில் பொருள் இருக்கிறது, தண்ணீர். செயல் இருக்கிறது. ஆண்டவரின் நேரடிக் கட்டளை இருக்கிறது. வாக்குறுதியும் இருக்கிறது. விவிலியத்தில் தெளிவான கட்டளை இருப்பது மட்டும் போதுமென்றால், இதைவிடத் தெளிவான அருளடையாளம் வேறெது?

ஆனாலும் கத்தோலிக்கர்கள் இதை ஏழில் சேர்க்கவில்லை. இரண்டு மட்டுமே என்று சொல்லும் பெரும்பாலான சபைகளும் இதை அந்த இரண்டில் சேர்க்கவில்லை. 4ஆம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயர் அம்புரோஸ், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களின் காலடிகளைக் கழுவினார். உரோமைத் திருச்சபையில் இந்த வழக்கம் இல்லை என்பது தமக்குத் தெரியும் என்றும் சொன்னார். தம் வழக்கத்தை விட்டுக்கொடுக்காமல் அதற்காக வாதாடினார். ஒரே திருச்சபைக்குள் இரண்டு நகரங்களில் இரண்டு வழக்கங்கள்.

ஆகவே எதை எண்ணுவது, எதை விடுவது என்று வாழும் ஒரு சமூகம் காலப்போக்கில் முடிவு செய்திருக்கிறது. உங்கள் மனைவியின் சபையும் செய்திருக்கிறது, நாமும் செய்திருக்கிறோம். இதை இருவரும் ஒத்துக்கொண்டால் பேச்சில் பாதிச் சூடு தணிந்துவிடும்.

பிப்ரவரி 22

சொல்லைப் பற்றிச் சற்று எழுத வேண்டும். என் பாட்டி ஏழு "தேவதிரவிய அனுமானங்கள்" என்பார். அம்மா "திருவருட்சாதனங்கள்" என்பார். நாங்கள் "அருளடையாளங்கள்" என்கிறோம். மூன்று தலைமுறைக்கு மூன்று சொற்கள். பின்னிரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சீர்திருத்தக் காலம் தொட்டு நடக்கும் வழக்கு முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது. சாதனம் என்றால் ஒன்றைச் செய்துமுடிக்கும் கருவி. அடையாளம் என்றால் ஒன்றைச் சுட்டிக்காட்டுவது. திருமுழுக்குத் தண்ணீர் அருளைத் தருகிறதா, ஏற்கெனவே தரப்பட்ட அருளைக் காட்டுகிறதா? கத்தோலிக்கப் போதனை இரண்டையும் விடுவதில்லை. எதைக் காட்டுகிறதோ அதையே செய்யும் அடையாளம் என்கிறது. அதனால் என் காதுக்கு அம்மாவின் சொல்லும் தேவைப்படுகிறது, எங்கள் சொல்லும் தேவைப்படுகிறது. தனியே நிற்கும்போது இரண்டுமே ஒருபக்கம் சாய்கின்றன.

இலத்தீனில் அந்தச் சொல் சாக்ரமெந்தும். உரோமைப் படைவீரன் பணியில் சேரும்போது எடுக்கும் உறுதிமொழிக்கு அதுதான் பெயர். தொடக்ககாலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அதைத் திருமுழுக்கோடு இணைத்தார். கிரேக்கத்தில் மிஸ்தேரியோன், அதாவது மறைபொருள். கீழைத் திருச்சபைகள் இன்றும் மறைபொருள்கள் என்றுதான் அழைக்கின்றன. ஒன்று மனிதன் கொடுக்கும் வாக்கு. மற்றது கடவுள் திறந்துகாட்டும் இரகசியம்.

பிப்ரவரி 23

இந்தச் சொல் விவகாரத்தில் நம் பக்கத்துத் தவறு ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். சிறு வயதில் எனக்குக் கற்பித்தவர், திருமணம் அருளடையாளம் என்பதற்கு எபேசியர் 5:32ஐக் காட்டுவார். கணவனும் மனைவியும் ஒரே உடலாவதைச் சொல்லிவிட்டு, இந்த மறைபொருள் பெரிது, கிறிஸ்துவையும் திருச்சபையையும் குறித்துச் சொல்கிறேன் என்கிறார் பவுல். வுல்காத்தா என்னும் இலத்தீன் விவிலியம் இந்த இடத்தில் மறைபொருளைச் சாக்ரமெந்தும் என்று பெயர்த்தது. அந்தச் சொல்லே இருக்கிறதே, இதற்கு மேல் என்ன சான்று என்பார் என் ஆசிரியர்.

அதே வுல்காத்தா, திருவெளிப்பாடு 17:7இல் விலங்கின்மேல் அமர்ந்திருக்கும் பாபிலோன் என்ற பெண்ணின் மறைபொருளையும் சாக்ரமெந்தும் என்றே பெயர்க்கிறது. சொல் மட்டுமே சான்றானால் அவளும் பட்டியலில் ஏறிவிடுவாள்! சொல்லை வைத்து நிறுவ முடியாது என்று லூத்தர் வாதாடினார். அந்த ஒரு புள்ளியில் அவர் சொன்னது சரி.

எனக்கு நிறைவு தந்தது வேறொன்று. 1563இல் திருமணத்தைப் பற்றிப் போதித்த திரெந்து சங்கம், பவுல் இதை நிறுவுகிறார் என்று எழுதவில்லை. குறிப்பாகச் சுட்டுகிறார் என்ற பொருளில் மென்மையான ஒரு வினைச்சொல்லைத் தேர்ந்தெடுத்தது. எதிர்த்தரப்பைக் கடுமையாகக் கண்டித்த அதே சங்கம், சான்றை எடை போடும்போது அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறது. நம் மறைக்கல்வி வகுப்புகளில் அந்தக் கவனம் எங்கே போயிற்று?

பிப்ரவரி 26

நற்கருணை. இங்கேதான் விவிலியம் கனத்துக் கிடக்கிறது.

நற்செய்தி நூல்களுக்கு முன்பே, ஏறத்தாழ 54, 55ஆம் ஆண்டுகளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார்: நான் பெற்றுக்கொண்டதை உங்களிடம் ஒப்படைத்தேன். அவர் எழுதும்போதே அது கைமாறி வந்த செல்வம். தகுதியற்ற நிலையில் உண்பவர் ஆண்டவரின் உடலுக்கும் இரத்தத்துக்கும் எதிராகக் குற்றம் செய்கிறார் என்கிறார் (1 கொரிந்தியர் 11:27). வெறும் நினைவுப்பொருளாக மட்டும் இருந்தால் இவ்வளவு கடுமை எதற்கு? முந்தின அதிகாரத்தில், நாம் பிட்கும் அப்பம் கிறிஸ்துவின் உடலில் பங்குகொள்ளுதல் அல்லவா என்று கேட்கிறார்.

பிறகு யோவான் 6. என் சதை உண்மையான உணவு என்கிறார் இயேசு. கேட்டவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர் தணிக்கவில்லை, இன்னும் அழுத்துகிறார். 54ஆம் வசனத்திலிருந்து வினைச்சொல்லே மாறுகிறது: அதுவரை வந்த பொதுவான "உண்ணுதல்" போய், கடித்து மெல்லுவதைச் சொல்லும் திரோகைன் என்ற சொல் வருகிறது. அடையாளமாகப் பேசுகிறவர் அப்படிப்பட்ட சொல்லை எடுப்பாரா? 66ஆம் வசனத்தில் சீடர்கள் பலர் விலகிப் போகிறார்கள். நில்லுங்கள், உவமையாகச் சொன்னேன் என்று அவர்களைக் கூப்பிடவில்லை. பன்னிருவரைப் பார்த்து, நீங்களும் போய்விட நினைக்கிறீர்களா என்கிறார்.

இதற்கு எதிராக வைக்கப்படும் 63ஆம் வசனத்தையும் மறைக்கக் கூடாது: வாழ்வு தருவது தூய ஆவியே, ஊன் ஒன்றுக்கும் உதவாது. 1529 அக்டோபரில் மார்புர்க் அரண்மனையில் லூத்தரும் சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தவாதி உல்ரிக் சுவிங்லியும் நேருக்கு நேர் அமர்ந்தபோது சுவிங்லி ஊன்றி நின்றது இந்த வசனத்தில்தான். லூத்தர் "இது என் உடல்" என்ற சொற்களைச் சுண்ணக்கட்டியால் மேசைமேல் இலத்தீனில் எழுதிவைத்துக்கொண்டு அசைய மறுத்தார். பதினைந்து கூறுகளில் பதினான்கில் உடன்பட்டார்கள். பதினைந்தாவதில், கிறிஸ்துவின் உடல் அப்பத்தில் மெய்யாகவே இருக்கிறதா என்ற இடத்தில், பிரிந்தார்கள். இருவரும் விவிலியம் ஒன்றே போதும் என்றவர்கள். இருவர் முன்னாலும் ஒரே விவிலியம் திறந்திருந்தது. இந்தக் காட்சியை நான் நினைக்காத நாளில்லை.

பிப்ரவரி 27

திருத்தம். திரோகைன் பற்றி நேற்று எழுதியதில் அளவு மீறிவிட்டேன் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். சரிதான். மத்தேயு 24:38இல் நோவாவின் காலத்து மக்கள் உண்டும் குடித்தும் இருந்தார்கள் என்னும் இடத்திலும் அதே வினைதான். அன்றாடச் சாப்பாட்டையும் அது குறிக்கும். அந்தச் சொல் ஒன்றை வைத்து வாதத்தை முடித்துவிட முடியாது.

ஆனால் யோவானில் அது வரும் இன்னோர் இடம் 13:18: என் அப்பத்தை உண்பவன் என்மேல் பாய்ந்தான். அது திருப்பாடல் வரி. பழைய கிரேக்கத் திருப்பாடலில் அந்த இடத்தில் பொதுவான "உண்ணுதல்"தான் இருக்கிறது. யோவான் அதை மாற்றி, ஆறாம் அதிகாரத்துச் சொல்லைப் போடுகிறார். அதுவும் இறுதி இரவுணவுக் காட்சியில். நற்கருணை நிறுவப்படும் நிகழ்ச்சியையே எழுதாமல் விட்ட யோவான், அந்த ஒரு சொல்லால் வாசகரைக் கையைப் பிடித்துப் பழைய அதிகாரத்துக்கு அழைத்துப் போகிறார் என்று எனக்குப் படுகிறது. இது என் வாசிப்பு மட்டுமே.

மார்ச் 1

குழந்தைத் திருமுழுக்கைப் பற்றித் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அவசரமானது இதுதான், நான் சுற்றிக்கொண்டே போய்விட்டேன்.

கைக்குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லும் வசனம் இல்லை. கொடுக்கக் கூடாது என்ற வசனமும் இல்லை. இருப்பவை வீட்டார் பற்றிய இடங்கள்: லீதியாவும் அவர் வீட்டாரும், சிறைக்காவலரும் அவர் வீட்டார் அனைவரும் (திருத்தூதர் பணிகள் 16), ஸ்தேவனாவின் வீட்டார் (1 கொரிந்தியர் 1:16). அந்த வீடுகளில் குழந்தைகள் இருந்தார்களா என்று நூல் சொல்லவில்லை. சிறைக்காவலர் வீட்டில் எல்லாரும் நம்பிக்கை கொண்டு மகிழ்ந்தார்கள் என்றும் படிக்கலாம். பெந்தகோஸ்தே நாளில், இந்த வாக்குறுதி உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உரியது என்று பேதுரு சொன்னார். அதுவே திருமுழுக்குக் கட்டளைக்கு அடுத்த வரி. கொலோசையர் 2 திருமுழுக்கை விருத்தசேதனத்தோடு சேர்த்துப் பேசுகிறது. விருத்தசேதனம் எட்டாம் நாள் குழந்தைக்குச் செய்யப்பட்டது. வரலாற்றில், ஏறத்தாழ 200ஆம் ஆண்டில் தெர்த்துல்லியன் சிறு பிள்ளைகளுக்கு அவசரப்படாதீர்கள் என்று எழுதுகிறார். எதிர்க்கிறார் என்றால் நடைமுறை அப்போதே இருந்தது. எதிர்க்க முடிந்தது என்றால் கேள்வி அப்போதும் முடிந்திருக்கவில்லை.

இனி என் சொந்த அனுபவம். அக்காளுக்கு முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். இரவு இரண்டு மணி. பிழைப்பது கடினம் என்றார்கள். நாங்கள் யாரும் உள்ளே போக முடியாது. அக்காள் படுக்கையிலிருந்தே செவிலியரிடம் கேட்டார்: கொஞ்சம் தண்ணீர் எடுத்து அவன் தலையில் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன் என்று சொல்ல முடியுமா? அந்தச் செவிலியர் கிறிஸ்தவர் இல்லை. சொற்களை இரண்டு முறை திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டும் போனார். அதுவரை பெயரே வைத்திருக்கவில்லை, அந்தக் கணத்தில்தான் வைத்தார்கள்.

பையன் பிழைத்தான். ஆறு வாரம் கழித்துக் கோவிலுக்குத் தூக்கிப் போனோம். பங்குத்தந்தை விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, இவன் திருமுழுக்குப் பெற்றுவிட்டான், மீண்டும் கொடுக்க மாட்டேன் என்றார். எண்ணெய் பூசுதல், வெண்ணாடை, மெழுகுதிரி ஆகிய மீதிச் சடங்குகளை மட்டும் செய்தார். தேவை நேரத்தில் சரியான எண்ணத்தோடு யாரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். கொடுப்பவரின் தகுதியில் அருள் தங்கியிருக்கவில்லை என்பதற்காக அகுஸ்தீன், கொடுப்பவர் தூயவராக இருந்தால்தான் அருளடையாளம் செல்லும் என்ற தொனாத்தியப் பிரிவினரோடு பல ஆண்டுகள் வாதாடினார். எனக்கு அந்த வாதம் விளங்கியது அந்தச் செவிலியரின் கையில்தான்.

இதைச் சொல்லி உங்கள் மனைவியை நெருக்காதீர்கள். விவிலியம் வெளிப்படையாகச் சொல்லாத இடத்தில் காத்திருக்க நினைப்பவரும் விவிலியத்தை மதிப்பவர்தான்.

மார்ச் 2

மேலே உள்ளதற்கு ஒரு சிறு சேர்ப்பு. உறுதிப்பூசுதல் தனியே எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு: சமாரியாவில் திருமுழுக்கு மட்டும் பெற்றிருந்தவர்கள்மேல் பேதுருவும் யோவானும் போய்க் கைகளை வைத்தார்கள் (திருத்தூதர் பணிகள் 8:14-17). எபேசில் பவுலும் அப்படியே (19:6). கைகளை வைத்தல் இருக்கிறது. எண்ணெய் அங்கே இல்லை, பின்னர் வந்தது. கீழைத் திருச்சபைகளில் குழந்தைக்குத் திருமுழுக்கோடு சேர்த்தே இதைக் கொடுத்து, நற்கருணையும் ஊட்டிவிடுகிறார்கள். பல ஆண்டு இடைவெளி நம் மேற்கத்திய வழக்கம்.

மார்ச் 5

ஒப்புரவைப் பற்றி எழுதத் தயங்கினேன். பத்தொன்பது வயதில் ஒப்புரவு அருளடையாளத்துக்குப் போனேன். என் பாவத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளிருந்தவர் உரத்த குரலில் கடிந்தார். வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. எழுந்து வந்துவிட்டேன். பதினொரு ஆண்டுகள் திரும்பிப் போகவில்லை. அந்தப் பதினொரு ஆண்டுகளும் என்னிடம் ஒரு வசனம் இருந்தது: கடவுளுக்கும் மனிதருக்கும் இணைப்பாளர் ஒருவரே (1 திமொத்தேயு 2:5). அதை ஒரு கதவைப்போலச் சாத்தி வைத்திருந்தேன்.

திரும்பிப் போக வைத்தது யோவான் 20. உயிர்த்த ஆண்டவர் சீடர்கள்மேல் ஊதி, எவருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்கிறார். விவிலியத்தில் கடவுள் மனிதர்மேல் ஊதும் இடங்கள் அரிது. மண்ணிலிருந்து முதல் மனிதனை உருவாக்கியபோது ஊதினார் (தொடக்கநூல் 2:7). மன்னிப்பைக் கொடுக்கும்போது மறுபடியும் ஊதுகிறார். இது சாதாரணச் செய்தி சொல்லும் வேலையாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த வசனத்தில் இல்லாதவற்றையும் சொல்கிறேன். பாவங்களை ஒவ்வொன்றாகக் காதில் சொல்ல வேண்டும் என்று அங்கே இல்லை. மன்னிப்பதா, மன்னியாது விடுவதா என்று தீர்மானிக்கக் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்பது நம் வாதம். அது வசனத்திலிருந்து எடுக்கப்படும் முடிவு, வசனமே இல்லை. அங்கே இருந்த சீடர்கள் யார் யார் என்பதும் விவாதத்துக்குரியது: லூக்கா 24:33 பதினொருவரோடு மற்றவர்களும் கூடியிருந்ததாகச் சொல்கிறது.

வரலாறு இன்னும் வியப்பானது. முதல் நூற்றாண்டுகளில் பெரும் பாவத்துக்கு ஊரறிய நீண்ட தவம். அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. அடிக்கடி தனியாகச் சென்று அறிக்கையிடும் முறையை ஐரோப்பாவில் பரப்பியவர்கள் அயர்லாந்துத் துறவிகள். 589இல் தொலேதோவில் கூடிய ஆயர்கள், பாவம் செய்யும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டு வரும் வழக்கத்தைத் துணிகரம் என்று கண்டித்தார்கள். 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒரு முறையாவது அப்படி வரவேண்டும் என்று கட்டளையிட்டது. கண்டித்ததிலிருந்து கட்டளை வரை அறுநூறு ஆண்டுகள். வடிவம் இவ்வளவு மாறியிருக்கிறது. மன்னிக்கும் அதிகாரம் தரப்பட்டது என்பதில் மாற்றம் இல்லை. லூத்தரன் சபையினரின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கைகூடத் தனி மன்னிப்பைச் சபைகளில் விட்டுவிடக் கூடாது என்கிறது.

பதினொரு ஆண்டுக்குப் பின் நான் போன குருவானவர் வயதானவர். நான் பேசி முடித்ததும் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, நல்லவேளை வந்தீர்கள் என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 6

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். என் அனுபவத்தை விவிலியச் சான்றோடு கலந்துவிட்டேனோ என்று மனம் உறுத்துகிறது. எனக்கு அமைதி கிடைத்தது என்பதால் வசனத்தின் பொருள் அதுவாகிவிடாது. முதலில் கடிந்தவரால் பொருள் இல்லாமலும் போய்விடாது.

இன்னொன்று. பொருட்கள் வழியாகக் கடவுள் செயல்படுவதை விவிலியம் முழுதும் காண்கிறோம்: நாமானுக்கு யோர்தான் தண்ணீர், பார்வையற்றவருக்குச் சேறு, பெண்ணின் கை தொட்ட ஆடை விளிம்பு. இதை நான் எப்போதும் நம் பக்கத்துச் சான்றாகக் காட்டுவேன். ஆனால் வெண்கலப் பாம்பின் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். கடவுளே செய்யச் சொன்ன அடையாளம் அது (எண்ணிக்கை 21). பாம்புக் கடிபட்டு அதை நோக்கியவர்கள் பிழைத்தார்கள். பிற்காலத்தில் மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அரசர் அதை உடைத்தெறிந்தார் (2 அரசர்கள் 18:4). அவரை விவிலியம் பாராட்டுகிறது. கடவுள் தந்த அடையாளமும் கெட்டுப்போகும். அடையாளத்தைத் தந்தவரை மறந்து அடையாளத்தைப் பற்றிக்கொள்ளும்போது உங்கள் மனைவியின் சபை எழுப்பும் எச்சரிக்கை நமக்குத் தேவை.

மார்ச் 11

நோயில் பூசுதல். இதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது.

யாக்கோபு 5:14-15: உங்களில் ஒருவர் நோயுற்றிருந்தால் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் ஆண்டவரின் பெயரால் எண்ணெய் பூசி வேண்டட்டும், நம்பிக்கையோடு கூடிய வேண்டல் நோயுற்றவரைக் குணமாக்கும், ஆண்டவர் அவரை எழுப்பிவிடுவார், அவர் பாவம் செய்திருந்தால் மன்னிப்புப் பெறுவார். ஆள், பொருள், செயல், பெயர், பயன் அத்தனையும் இரண்டு வசனங்களில். மாற்கு 6:13இல் பன்னிருவரும் நோயாளிகளுக்கு எண்ணெய் பூசிக் குணமாக்குகிறார்கள். இங்கும் திரெந்து சங்கம் கவனமாகப் பேசியது: மாற்கில் குறிப்பாகக் காட்டப்பட்டது, யாக்கோபில் அறிவிக்கப்பட்டது என்று.

விவிலியத்தில் இவ்வளவு தெளிவாக இருப்பதை நாம்தான் மறைத்துவிட்டோம். நோயுற்றவருக்கு என்று எழுதியிருப்பதை, இடைக்காலத்தில் சாகிறவருக்கு என்று சுருக்கி, கடைசிப் பூசுதல் என்று பெயரிட்டோம். தமிழில் அவஸ்தைப் பூசுதல் என்றோம். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இதை நோயாளிகளின் பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம், இது சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதன்று என்று திருத்தியது. ஏடுகளில் திருத்தம் வந்தது. வீடுகளுக்கு வரவில்லை.

அம்மா நோயுற்றுக் கிடந்தது நான்கு மாதம். குருவானவரைக் கூப்பிடலாமா என்று ஒவ்வொரு வாரமும் பேசினோம். வேண்டாம், அவரைப் பார்த்தால் அம்மா பயந்துவிடுவார், முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார் என்று நாங்களே தள்ளிப்போட்டோம். அதிகம் தள்ளிப்போட்டவன் நான். கடைசியில் கூப்பிட்டபோது அம்மாவுக்கு நினைவு இல்லை. குருவானவர் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். அம்மா அறியவில்லை. மறுநாள் விடியற்காலை போய்விட்டார்.

பின்னால்தான் அந்த வசனத்தைச் சொல் சொல்லாகப் படித்தேன். கிரேக்கத்தில், நோயுற்றவர் தாமே அழைக்கட்டும் என்று இருக்கிறது. அழைப்பவர் நோயாளி! அவருக்கு நினைவு இருக்க வேண்டும், வாய் இருக்க வேண்டும், விருப்பம் இருக்க வேண்டும். எழுப்பிவிடுவார் என்ற இடத்தில் வரும் வினைச்சொல், கிறிஸ்துவின் உயிர்ப்பைச் சொல்லப் புதிய ஏற்பாடு பயன்படுத்தும் அதே சொல். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டியிருக்க நான்கு மாத அவகாசம் எனக்கு இருந்தது.

மார்ச் 12

யாக்கோபு சொல்லும் மூப்பர் குருவானவரா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நியாயமான கேள்வி. கிரேக்கத்தில் பிரெஸ்பித்தெரோஸ், வயதில் மூத்தவர், சபையின் மூப்பர். பலி செலுத்தும் குருவுக்கு உரிய வேறு கிரேக்கச் சொல்லைப் புதிய ஏற்பாடு எந்தத் தனிச் சபைப் பணியாளருக்கும் பயன்படுத்துவதில்லை. கிறிஸ்துவுக்கும் நம்பிக்கை கொண்டோர் அனைவருக்கும் அச்சொல்லின் குடும்பத்தைப் பயன்படுத்துகிறது (எபிரேயர் 7, 1 பேதுரு 2:9). மூப்பர்கள் நியமிக்கப்பட்டார்கள் (திருத்தூதர் பணிகள் 14:23), கைகளை வைத்ததால் கொடை தரப்பட்டது (2 திமொத்தேயு 1:6) என்பவை உறுதி. அந்த மூப்பரிலிருந்து இன்றைய குருவானவர் வரை உள்ள வழி, வளர்ச்சியின் வழி. விதைக்குள் மரம் இருந்தது என்று நான் நம்புகிறேன். விதையையே மரம் என்று சொல்ல மாட்டேன்.

மார்ச் 21

சில நாட்களாக எழுதவில்லை. அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தை அவரிடம் வாசித்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மறுபடி வாசி என்றார். வாசித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தை வாங்கித் தாமே படித்தார். பிறகு என் தொலைபேசியைக் கேட்டார். எண்ணைப் போட்டுக்கொடுத்தேன். "சாமி, எனக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்குள் வந்து எண்ணெய் பூச முடியுமா?" என்று அவரே கேட்டார்.

புதன்கிழமை வந்தார். அப்பா சட்டைக் கை மடிப்பைப் பிரித்துவிட்டு, உள்ளங்கைகளை விரித்து நீட்டினார். அக்காளும் அவர் மகனும் நானும் கட்டிலைச் சுற்றி நின்றோம். செபங்களுக்கு அப்பாதான் எங்களைவிட உரக்கப் பதில் சொன்னார்.

குருவானவர் போன பிறகு அப்பா கேட்டார்: "மூப்பர்களை என்று பன்மையில் அல்லவா இருக்கிறது? ஒருவர்தானே வந்தார்?"

இத்தனை ஆண்டுகளாகப் படித்தும் எனக்கு அது கண்ணில் படவில்லை. கீழைத் திருச்சபைகளில் இதற்கு ஏழு குருக்கள் கூடுவது மரபு என்று அப்பாவிடம் சொன்னேன். ஏழா என்று வியந்தார். சிகிச்சை முடிந்து இப்போது வார்டுக்கு வந்துவிட்டார். இன்று காலை பேசியபோதும் அதைத்தான் கேட்டார், அந்த ஏழு பேரும் என்னென்ன வாசிப்பார்கள் என்று. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.